அரையாண்டு விடுமுறையில் ராமநாதபுரம் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாமா?

வைகைக்கரை (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு விடுமுறை. நாங்களும் மச்சான் குடும்பமும் சேர்ந்து ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பெரியவர்கள் நாலு பேர், கூட எங்கள் அம்மா, பிள்ளைகள் மூன்று பேர். கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயது. மச்சானுக்குக் கிணற்று நீச்சல் தெரியும். மற்ற யாருக்கும் நீச்சல் வராது.

அம்மாவுக்கு அக்னி தீர்த்தத்தில் குளித்துச் சாமி கும்பிட வேண்டும். பிள்ளைகளுக்கு நாள் முழுக்கக் கடலில் கிடக்க வேண்டும். எனக்கும் மச்சானுக்கும் ராத்திரி அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நட்சத்திரம் பார்த்துப் படுத்திருக்க ஆசை. லாட்ஜில் ரூம் போட்டால் அது வழக்கமான ராமேஸ்வரம் பயணமாகப் போய்விடும்.

வீடியோவில் பார்த்ததில் இரண்டு இடம் மனதில் இருக்கிறது. ஒன்று தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை. இன்னொன்று அரியமான். அரியமானில் சவுக்குத் தோப்பும் பூங்காவும் இருப்பதால் குடும்பத்துக்கு நல்லது என்று ஒருவர் சொன்னார். இரண்டில் எது சரி? கூடாரம் போட விடுவார்களா? தண்ணீர், கழிப்பறை, பாதுகாப்பு எல்லாம் எப்படி? அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

சாலைப்பறவை (திருச்சி)

நண்பரே, தனுஷ்கோடிதான். யோசிக்கவே வேண்டாம். நாங்கள் பைக்கில் ஒரு குழுவாகப் போயிருந்தோம். இடது பக்கம் ஒரு கடல், வலது பக்கம் ஒரு கடல், நடுவில் ரோடு. அந்த மாதிரி இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை. மாலையில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் வெளியே அனுப்புவார்கள். ஆனால் பழைய சர்ச் இடிபாடு பக்கம் மீனவர் குடிசைகள் இருக்கின்றன. அங்கே யாரிடமாவது பேசி வைத்துக்கொண்டால் ஒரு ராத்திரி தங்கிவிடலாம். நாங்கள் அப்படித்தான் தங்கினோம். அரியமான் பிக்னிக் இடம் மாதிரிதான் இருக்கும்.

வலசைக்காரி (உச்சிப்புளி பக்கம்)

தம்பி, நான் அரியமானுக்குப் பக்கத்து வலசைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கரைவலை இழுத்தவர். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். நான் எங்கள் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து கடலில் பாசி வளர்க்கிறேன். வீடியோ எடுக்கிறவர்கள் காற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது காற்றைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் நிலம் ஒரு நாக்கு நீட்டின மாதிரி கடலுக்குள் போகிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குக் கடல் ஆழம் குறைந்தது. மூன்று பக்கமும் நிலமும் திட்டும் அடைத்திருப்பதால் பெரிய அலை உள்ளே வராது. தெற்குக் கடல் அப்படியே இந்துமாக்கடலுக்குத் திறந்து கிடக்கிறது. பெண்கடல், ஆண்கடல் என்று பெரியவர்கள் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் பெண்கடல் என்றால் வருடம் முழுக்க அமைதி என்று நினைத்துவிடக் கூடாது. வைகாசி பிறந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீச ஆரம்பித்தால் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் படுத்துக் கிடக்கும். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் அப்படியே தலைகீழ். வடக்கிலிருந்து நேராக எங்கள் கரையில் வந்து அடிக்கும்.

நீங்கள் வருவதாகச் சொல்கிற டிசம்பர் கடைசி என்பது மார்கழி. வாடை நன்றாக வீசுகிற நேரம். அரியமான் வடக்குக் கரை. அந்த மாதத்தில் அங்கே அலை உயரமாக இருக்காது, ஆனால் குட்டை குட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஓயாமல் வரும். தண்ணீர் கலங்கி மண் நிறத்தில் இருக்கும். அடியில் இருக்கிற கடற்புல்லைப் பிடுங்கிக் கொண்டுவந்து கரையில் குவித்துவிடும், சில இடத்தில் கணுக்கால் புதையும். இரண்டு நாள் வெயில் பட்டால் அதில் ஒரு நாற்றம் வரும், ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போனது, உங்கள் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். நாங்களே மழைக்காலத்துக்கு முன்னால் பாசித் தெப்பத்தையெல்லாம் அவிழ்த்துக் கரையேற்றிவிடுவோம். பத்தடிக்குப் பத்தடி மூங்கில் தெப்பம் அது. கடலில் விட்டு வைத்தால் கயிறு அறுந்து பாசியும் போகும், மூங்கிலும் போகும்.

மழையையும் மறந்துவிடாதீர்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மார்கழியில் அவ்வளவு வராது என்றாலும் வங்கக் கடலில் ஒரு தாழ்வு வந்தால் போதும், பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிடுவார்கள். மீன்வளத் துறை படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கவில்லை என்று செய்தி வந்தால் நீங்களும் கூடாரத்தைப் பையை விட்டு எடுக்க வேண்டாம். செல்போனில் வருகிற வானிலையைவிட நாங்கள் அதைத்தான் நம்புகிறோம்.

இப்போது தனுஷ்கோடி. வேண்டாம் தம்பி. ஆறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அரிச்சல்முனையில் கால்கூட நனைக்க வேண்டாம். இரண்டு கடலும் சேருகிற இடத்தில் மணல் சட்டென்று இறங்கும், நீரோட்டம் காலுக்கடியில் மண்ணை உருவும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டர் ரோடு 2017இல் திறந்தார்கள். அதன் பிறகு தினமும் கூட்டம் வருகிறது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பாம்பனிலிருந்து போன ரயிலோடு சேர்த்து அந்த ஊரே போனது. அதற்குப் பிறகு குடியிருக்கத் தகுதி இல்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. மாலையில் வெளியே அனுப்புவது உங்களைச் சிரமப்படுத்த அல்ல. ராத்திரி ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸ் ராமேஸ்வரத்திலிருந்து வர வேண்டும். இலங்கை கிட்டத்தில் இருப்பதால் கடலோரக் காவல் படையும் மரைன் போலீசும் ராத்திரி சுற்றுவார்கள். குடிசையில் உங்களைத் தங்க வைத்தவரைத்தான் மறுநாள் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். சாலைப்பறவை தம்பி, உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், அவர் அங்கேதான் இருக்க வேண்டும். அதை நினைத்துப் பாருங்கள்.

ஆக, டிசம்பரில்தான் வருவேன் என்றால் என் யோசனை இது. ராத்திரி கூரைக்கடியில் தூங்குங்கள். அம்மாவை அதிகாலையில் அக்னி தீர்த்தத்துக்குக் கூட்டிப் போங்கள், அங்கே கடல் ஒதுக்கமாகத்தான் இருக்கும். பிள்ளைகளைக் கடலில் விட தெற்குக் கரைக்கு வாருங்கள். திருப்புல்லாணி தாண்டிச் சேதுக்கரை, ஏர்வாடி பக்கம் பிச்சைமூப்பன்வலசை, இன்னும் தெற்கே வாலிநோக்கம். வாடைக் காலத்தில் அங்கே கடல் குளம் மாதிரி கிடக்கும். பிச்சைமூப்பன்வலசையில் வனத்துறை படகுச் சவாரியும் உண்டு.

ஆனால் அங்கேதான் ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தெற்குக் கரையில் வாடை நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். காற்று அடித்த ரப்பர் வளையம், முதலை பொம்மை எதையும் கொண்டுவராதீர்கள். பிள்ளை அதில் உட்கார்ந்தால் அலையே இல்லாத தண்ணீரில் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் கரையிலிருந்து பார்த்தால் பிள்ளை சந்தோஷமாகக் கையை ஆட்டுவது மாதிரிதான் தெரியும். எங்கள் கரையில் கச்சான் காலத்தில் இதே கதைதான். கடல் படுத்துக் கிடக்கிறதே என்று நம்பி இறங்குவார்கள். அப்புறம் வத்தை என்கிற சின்னப் படகை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவது எங்கள் ஆட்கள்தான்.

கூடாரம்தான் முக்கியம், தேதி முக்கியமில்லை என்றால் மாசிக்குத் தள்ளிப் போடுங்கள். வாடை ஓய்ந்து, கச்சான் இன்னும் வராமல், இரண்டு கடலும் தெளிந்து கிடக்கிற மாதம் அது. அரியமான் அப்போதுதான் அரியமான்.

வைகைக்கரை

அக்கா, இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. காற்றைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. ரப்பர் வளையம் இரண்டு ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறோம், அதை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன்.

மாசிக்குத் தள்ளுவது பற்றி மச்சானிடம் பேசுகிறேன். அப்படி வந்தால் அரியமானில் எங்கே கூடாரம் போடுவது, யாரிடம் கேட்பது, என்னென்ன கொண்டுவருவது? ராத்திரி மீன் சுடலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. மச்சானிடம் டிரோன் இருக்கிறது, அதைப் பறக்கவிடலாமா?

கூழைக்கடா (ராமேஸ்வரம்)

வலசைக்காரி அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் பறவை பார்க்கிற ஆள்.

தனுஷ்கோடியில் ராத்திரி யாரும் தங்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் பங்குனி ஆமை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் அந்த மணலில் ஏறி முட்டையிட்டுவிட்டுப் போகும். வனத்துறை ஆட்கள் விடியற்காலையில் நடந்து தடம் பார்த்து, முட்டையை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஏறி வருகிற ஆமை, கரையில் டார்ச் வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ தெரிந்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளுக்கு வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அதுதான் கடல். கூடாரத்துக்குள் விளக்கு எரிந்தால் அதை நோக்கித்தான் ஊர்ந்து வரும். விடிந்தால் காக்கைக்கும் நாய்க்கும் இரை.

அதே இடத்தின் சேற்றுப் பரப்பில்தான் பூநாரைகள் குளிர்காலத்தில் வந்து இறங்குகின்றன. 2025 ஜூன் மாதம் அரசு அந்தப் பகுதியில் 524.7 ஹெக்டேரைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பகலில் வந்து ரோட்டோரமாக நின்று பார்த்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும். பக்கத்தில் போனால் எழுந்துவிடும், அப்படி எழுந்து எழுந்து பறந்தால் அதற்கு இரை தேட நேரம் இருக்காது.

குருசடை, முயல் தீவு என்று தெற்குக் கடலில் வரிசையாகத் தீவுகள் இருக்கின்றன. மொத்தம் 21. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தவை. யாராவது படகுக்காரர் ராத்திரி தீவில் விடுகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வழக்கு உங்கள் மேலும் வரும், அவர் படகும் போகும்.

சாலைப்பறவை

ஆமை விஷயம் எனக்குத் தெரியாது. இனிமேல் எங்கள் குழுவில் யார் கேட்டாலும் பகலில் போய்விட்டு வரச் சொல்கிறேன். ஒரு கேள்வி. காரங்காடு பற்றி யாரும் சொல்லவில்லையே? தொண்டிப் பக்கம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகில் கூட்டிப் போகிறார்கள். ஊர்ப் பெண்கள் நண்டும் கணவாயும் சமைத்துப் போட்டார்கள், சாப்பாடு அருமை. குழந்தைகளோடு போக நல்ல இடம்.

வலசைக்காரி

காரங்காடு நல்ல இடம்தான் தம்பி, சொன்னதற்குச் சந்தோஷம். கடலுக்கு நேராக இல்லாமல் உள்வாங்கி இருப்பதால் வாடையிலும் அவ்வளவு தெரியாது. டிசம்பரில் வந்தால் ஒரு பகல் அங்கே போகலாம். மதுரையிலிருந்து வந்தால் வழி வேறு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை தம்பி, டிரோன் வேண்டவே வேண்டாம். உச்சிப்புளியிலேயே கடற்படையின் பருந்து விமானத் தளம் இருக்கிறது. பறக்கவிட்டால் பறிமுதல் மட்டும் இல்லை, ஸ்டேஷனில் உட்கார வேண்டி வரும்.

கூடாரம் போடுவதற்கு முன்னால் பூங்காவில் சீட்டுக் கொடுக்கிறவரிடமும், ஊராட்சியிலும் கேளுங்கள். ராத்திரி தங்குவதாக இருந்தால் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி, வண்டி எண், ஆட்கள் பெயர், ஆதார் நகல் கொடுத்துவிடுங்கள். அனுமதி இல்லை என்று சொன்னால் மல்லுக்கட்ட வேண்டாம். பக்கத்தில் பிரப்பன்வலசையில் கயாக், துடுப்புப் பலகை எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கேயும் விசாரித்துப் பாருங்கள். அவசரத்துக்குக் கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554, ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் ஃபோனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்க்கும்போது தோப்புக்குள் நல்ல நிழல் என்று பெரிய மரத்தடியில் போய்ப் போடாதீர்கள். சவுக்குக் கிளை காய்ந்திருந்தால் காற்றுக்கு முறிந்து விழும், முதலில் மேலே அண்ணாந்து பாருங்கள். கீழே சருகை விலக்கிச் சவுக்குக் காயைப் பொறுக்கிவிடுங்கள். சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் படுத்தால் பாயைத் தாண்டி முதுகில் குத்தும், கூடாரத்தின் அடித்துணியையும் ஓட்டை போட்டுவிடும். கூடாரத்தோடு வருகிற கம்பி முளை எங்கள் மணலில் நிற்காது. நாலு உரச்சாக்கு கொண்டுவாருங்கள். பாதி மணல் அள்ளி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, முழங்கால் ஆழத்துக்குப் புதைத்து மிதித்துவிடுங்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது.

கரையில் நீளமாக வடக்கயிறு கிடந்தாலோ, மணலில் ஆட்கள் வரிசையாகக் கால் ஊன்றி இழுத்த பள்ளம் தெரிந்தாலோ அது கரைவலை இழுக்கிற இடம். அங்கே போட வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கே வந்துவிடுவார்கள். மாசியில் எங்கள் தெப்பங்கள் கரைக்குப் பக்கத்திலேயே மிதக்கும். பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாட ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். ஒவ்வொரு கயிற்றிலும் துண்டு துண்டாக விதைப்பாசி கட்டியிருப்போம். நாற்பத்தைந்து நாள் காத்திருந்துதான் அறுப்போம். போன வருடம் கூடாரம் போட வந்த ஒரு கூட்டம் கரையில் காய வைத்திருந்த தெப்பக் கயிற்றை அறுத்து எடுத்துக் கூடாரத்தை இழுத்துக் கட்டியிருந்தார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது அவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள், கயிறு மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் கூட இருந்த பெண்களும் அதை அவிழ்த்து முடிச்சுப் போட்டுச் சேர்க்க அந்தப் பகல் முழுக்கப் போனது. கேட்டிருந்தால் வீட்டிலிருந்தே கயிறு கொடுத்திருப்போம் தம்பி.

அடுத்தது சொல்லக் கூச்சமான விஷயம், ஆனாலும் சொல்கிறேன். காலைக்கடனுக்கு மணலில் குழி தோண்டிக்கொள்ளலாம் என்று சிலர் வருகிறார்கள். இந்தக் கரையில் கிணறு வெட்டினால் பெரும்பாலும் சவர்த் தண்ணீர்தான். ஆனால் மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலாகவே நிற்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், இடுப்பளவுகூடத் தோண்ட வேண்டாம், நல்ல தண்ணீர் கசியும். எங்கள் அம்மா அந்த ஊற்றில் குனிந்து உட்கார்ந்து கொட்டாங்குச்சியால் கலங்காமல் கோரிக் கோரி ஒரு குடம் நிரப்புவார். அதற்கே வெகு நேரம் ஆகும். குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் அது வராத நாளில் இன்னும் நாங்கள் ஊற்றுக்குத்தான் போகிறோம். நீங்கள் குழி தோண்டுகிற மணலும் அந்த மணல்தான். பூங்காவில் இருக்கிற கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். ராத்திரி பூட்டுவார்களா என்று முன்னாலேயே கேட்டு, திறந்து வைக்க ஏற்பாடு செய்துகொண்டு தங்குங்கள். அந்த ஏற்பாடு நடக்கவில்லை என்றால் ராத்திரி தங்க வேண்டாம், நான் உறுதியாகச் சொல்கிறேன்.

மீன் சுடுவது சவுக்குத் தோப்புக்குள் கூடாது. சருகு பெட்ரோல் மாதிரி பற்றும். திறந்த மணலில், காற்று தோப்பிலிருந்து கடல் பக்கம் வீசும்போது மட்டும், அனுமதி கொடுத்தால், சின்ன இரும்பு அடுப்பில் கரி போட்டுச் சுடுங்கள். அணைத்த கரியை மணலில் மூடிவிட்டுப் போகாதீர்கள். மேலே சாம்பல் நிறமாக இருக்கும், உள்ளே கனிந்துகொண்டே கிடக்கும், காலையில் ஓடி வருகிற பிள்ளை மிதிக்கும். தண்ணீர் ஊற்றி அள்ளிக்கொண்டு போங்கள். மீன் காலையில் கரையிலேயே கிடைக்கும். காரல், முரல், நண்டு, கணவாய் எல்லாம் வரும். சுடுவதற்கு விளைமீன் நன்றாக இருக்கும். முண்டு மிளகாய் அரைத்துத் தடவுங்கள், எங்கள் ஊர் மிளகாய் அது, உறைப்பு கம்மி, மணம் அதிகம்.

வைகைக்கரை

அக்கா, ஊற்றைப் பற்றிச் சொன்னதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அம்மா சின்ன வயதில் வைகை மணலில் ஊற்றுத் தோண்டியதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

பேசி முடிவு செய்துவிட்டோம். டிசம்பரில் அம்மாவோடு ராமேஸ்வரம், தனுஷ்கோடியில் பூநாரை, ஒரு பகல் சேதுக்கரை. கூடாரம் மாசியில், அரியமானில். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் வெள்ளி ராத்திரி, சனி ராத்திரி மட்டும்.

இன்னும் இரண்டு சந்தேகம். கடலில் திருக்கை, சொறி (ஜெல்லி மீன்) எல்லாம் இருக்குமா? நட்சத்திரம் பார்க்க மாசியில் எந்த வாரம் நல்லது?

கூழைக்கடா

கரையில் கிடக்கிற எதையும் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போக விடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையாகக் கிடக்கிற பவளக் கல், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. செத்துக் கிடந்தாலும் வைத்திருப்பது குற்றம். கையில் எடுத்துப் பார்க்காமல் படம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கிற நேரம் கேட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

வலசைக்காரி

திருக்கை உண்டு தம்பி. எங்கள் கரை ஆழம் குறைவு, மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் அடி மணலைத் தேய்த்துக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள், அதிர்வு தெரிந்து விலகிப் போய்விடும். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். முள் குத்திவிட்டால், பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் காலை வைத்து வலி குறைந்ததும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பிள்ளையின் காலை வைப்பதற்கு முன்னால் உங்கள் கையை விட்டுச் சூடு பாருங்கள். முள் ஆழமாக ஏறியிருந்தால் நீங்களே பிடுங்க வேண்டாம். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சொறி பட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது, கடல் தண்ணீராலேயே அலசுங்கள். மூச்சு வாங்கினாலோ உடம்பு தடித்தாலோ தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். சொறி கரையில் ஒதுங்கிக் கிடக்கிற நாளில் கடலில் இறங்கவே வேண்டாம்.

மாசி அமாவாசையை ஒட்டிச் சிவராத்திரி வரும். ராமேஸ்வரம் ரோடு முழுக்க வண்டியாக இருக்கும், பூங்காவிலும் கூட்டம். அது முடிந்து வருகிற முதல் வெள்ளிக்கிழமை வாருங்கள். பிறை சின்னதாக இருக்கும், ராத்திரி சீக்கிரமே இறங்கிவிடும், அதற்கப்புறம் வானம் உங்களுக்குத்தான். ரயிலில் வந்தால் உச்சிப்புளியில் நிற்கிற வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். குடிதண்ணீர் கேனை உச்சிப்புளிக் கடையிலேயே வாங்கி ஆட்டோவில் ஏற்றிவிடுங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கு வையுங்கள், சமைக்கத் தனி. உரச்சாக்கு கிடைக்கவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள், நான் எடுத்து வைக்கிறேன்.